நீர்க்குன்றத்து மண்

பதினோரு மாநிலங்கள் கொண்ட ஒரு தேசம். அதன் நடுவில், ஆற்றங்கரையில், ஒரு பள்ளி. அங்கே தேசத்தைக் காலால் படிப்பார்கள்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் முறை அதுதான். பள்ளியின் பெரிய கூடத்தில் தரையிலேயே தேசத்தின் படம் இருந்தது. செங்கல் வரப்பு வைத்துப் பதினோரு பாத்திகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் அந்தந்த மாநிலத்திலிருந்து சுமந்து வந்த மண். மாணவனின் கண்ணைக் கட்டி வெறுங்காலோடு உள்ளே விடுவார்கள். மிதித்த மண்ணை வைத்தே அது எந்த மாநிலம் என்று சொல்ல வேண்டும். அதன் ஆறு எது, மலை எது, அங்கே முதலில் குடியிருந்தவர்கள் யார், எல்லாம் ஒரே மூச்சில் வர வேண்டும். திக்கினால் வெளியே வந்து மறுபடி முதலிலிருந்து.

சரித்திரமும் மண்ணோடுதான் வந்தது. பள்ளியை ஆரம்பித்த பெரிய குரு, தன் முதல் மாணவர்கள் பதினோரு பேரையும் ஆளுக்கொரு மாநிலத்துக்கு நடக்க விட்டார். "ஒரு மூட்டை மண் கொண்டு வா. அந்த மண்ணில் பிறந்தவர் வாயால் சொன்ன ஆதிக் கதை ஒன்று கொண்டு வா" என்பது அவர் கட்டளை. வந்த கதைகளை ஓலையில் எழுதி அரச சபைக்கும் ஒரு பிரதி அனுப்பினார். அன்றிலிருந்து எந்த நிலத் தகராறு வந்தாலும் சபை அந்த ஓலையைத்தான் கேட்கும்.

பெரிய குரு காலமாகிவிட்டார். அந்தப் பதினோரு பேரில் வயதில் இளையவரான உமையாள்தான் இப்போது குரு. வயது நாற்பத்தொன்று.

அவரிடம் படித்த சாத்தையனுக்கு ஐம்பத்திரண்டு. சுங்கச்சாவடியில் வேலை பார்த்தவர். மனைவி இறந்த பிறகு, இனிமேலாவது எதையாவது உருப்படியாகத் தெரிந்துகொள்வோம் என்று வந்து சேர்ந்தார். தன் பேரன் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று ஒன்பது வருஷம் மண் மிதித்தார். பித்தவெடிப்பில் உப்பு மண் ஏறி எரியும்போதுகூட அவர் வாய் நிற்காது. சும்மா சொல்லக்கூடாது, அவர் மாதிரி படித்தவர் அந்தப் பள்ளியில் இல்லை. மற்றவர்களை "நீ" என்று கூப்பிடும் உமையாள் அவரை மட்டும் "நீங்க" என்பார். சாத்தையன் அவரைக் "குருவம்மா" என்பார்.

அந்த வருஷம் அரச சபை எல்லைச் சாட்சிப் பதவிக்கு ஆள் தேடியது. நிலம் யாருடையது என்று வழக்கு வந்தால், சபை நடுவில் நின்று சரித்திரம் சொல்ல வேண்டிய பதவி. சாத்தையன் தலைநகருக்குப் போனார். தேறினார். விரலில் முத்திரை மோதிரத்தோடு திரும்பி வந்தார்.

அவர் உள்ளே நுழைந்தபோது உமையாள் கூடத்தில் குனிந்து, மிதிபட்ட மண்ணைப் பலகையால் சமன் செய்துகொண்டிருந்தார். சாத்தையன் காலில் விழுந்து எழுந்தார்.

"குருவம்மா, மோதிரம் குடுத்துட்டாங்க!"

"ரொம்ப சந்தோஷம். உட்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி கெடக்கட்டும். மோதிரம் மாட்டின அன்னைக்கே ஒரு வழக்கு. ஒரே வார்த்தையில முடிச்சுக் குடுத்துட்டேன். சபையே அசந்து போச்சு."

"எந்த மாநிலம்?"

"நீர்க்குன்றம்."

உமையாள் கையிலிருந்த பலகை நின்றது.

சாத்தையன் அதைக் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவருக்கு எதிராளி முகம் எங்கே தெரியும்?

"மலைச்சரிவுல முந்நூறு குடும்பம் இருக்குது. அந்தச் சரிவுல தேக்கு வைக்கணும்னு மாநிலத் தலைவர் கேக்குறார். நாங்க ஆதியிலேர்ந்து இருக்கோம், எங்களை யாரும் கிளப்ப முடியாதுன்னு அவங்க சொல்றாங்க. சபை என்னைக் கேட்டுச்சு, நீர்க்குன்றத்துல மொதல்ல இருந்தது யாருன்னு."

"என்ன சொன்னீங்க?"

சாத்தையன் கண்ணை மூடிக்கொண்டார். பாடம் ஒப்பிக்கும் குரலில் சொன்னார்: "பதினோராவது மாநிலம் நீர்க்குன்றம். ஆதியில் அங்கே மனிதர் இல்லை. வெறுங்காடு. கோட்டைப் படை ஏறிய பிறகே குடி ஏறியது."

கண்ணைத் திறந்தார். "ஒரு எழுத்து தப்பலை, குருவம்மா."

"அப்புறம்?"

"அரசர் அங்க கோட்டை கட்டினதுக்கு அப்புறம் வந்தவங்கன்னா அரசாங்கத்துப் பட்டா ஓலை வேணும். அவங்ககிட்ட ஓலை ஏது? பௌர்ணமிக்குள்ள மலையை விட்டு இறங்கணும், இறங்காட்டிக் குடிசைக்குத் தீ வைக்கலாம்னு தீர்ப்பு. கரியன்னு ஒரு பெரியவர், சபை நடுவுல நின்னுக்கிட்டு, எங்க தொப்புள்கொடி புதைச்ச மண்ணுய்யா அதுன்னு கத்துறார். எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சரித்திரத்துல இல்லையே."

உமையாளின் முகம் வெளுத்துவிட்டது. சாத்தையன் அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தார்.

"என்ன குருவம்மா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க? என் படிப்புல ஏதாவது குறை இருக்கா?"

"கண்ணைக் கட்டிக்கோங்க."

"இப்பவா? மோதிரம் வாங்கின ஆளு நான்."

"கட்டிக்கோங்க."

சாத்தையன் தோள் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார்.

சரளை குத்தியது. "செம்மேடு" என்றார். ஈரம் பட்டதும் ஒட்டிக்கொள்ளும் கரிசல் வந்தது. "கருங்கரை." பாதம் எரிந்தது. "உப்பூர்." இப்படி ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசிப் பாத்திக்கு வந்தார். கால் மெத்தென்று புதைந்தது.

"நீர்க்குன்றம்."

"எப்படித் தெரியுது?"

"இது தெரியாதா? பொடி மணல். நடுநடுவுல நத்தை ஓடு குத்தும். புதுசா வர்ற பிள்ளைங்களுக்குக்கூட நான்தான் சொல்லிக் குடுக்கிறேன், நத்தை ஓடு குத்தினா நீர்க்குன்றம்னு."

"கண்கட்டை அவுத்துட்டு ஒரு பிடி அள்ளிக்கோங்க. என்கூட வாங்க."

பள்ளிக்குப் பின்னால் ஆற்றுப் படித்துறை. பள்ளியில் எல்லாரும் தினமும் குளிக்கிற இடம். உமையாள் கடைசிப் படியில் இறங்கி, தண்ணீர் ஓரத்தில் ஒரு பிடி மணல் அள்ளி, சாத்தையனின் இன்னொரு கையில் வைத்தார்.

"ரெண்டையும் பாருங்க."

சாத்தையன் பார்த்தார். விரலால் தேய்த்தார். மோந்து பார்த்தார். வலக்கையில் நான்கு நத்தை ஓடுகள். இடக்கையில் ஐந்து. மிளகு அளவில், ஒரே வரிக்கோடு போட்ட, ஒரே ஆற்று நத்தை.

"குருவம்மா... மலையுச்சியில ஆத்து நத்தை ஏது?"

"அதைத்தான் ஒன்பது வருஷமா நீங்க கேக்கலை."

"இது எந்த ஊரு மண்ணு?"

"இந்தப் படித்துறை மண்ணு. மூட்டையில அள்ளினது நான்."

சாத்தையன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

உமையாள் நின்றபடியே சொன்னார்.

"எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. எல்லாரையும்விடத் தூரமான மாநிலம் எனக்குத்தான் விழுந்துச்சு. ஒரு மாசம் நடந்து அடிவாரம் போய்ச் சேர்ந்தேன். மழை பிடிச்சுக்கிச்சு. காய்ச்சல். மலை ஏறவே இல்லை. திரும்பி வந்தப்ப மத்த பத்துப் பேரும் மூட்டையும் கதையுமா வந்து சேர்ந்துட்டாங்க. பத்து நாள்ல எங்களுக்குக் குருப்பட்டம். நான் போகலைன்னு சொன்னா மறுபடியும் அனுப்புவாரு. பட்டம் இன்னொரு வருஷம் தள்ளிப் போகும். ராத்திரி வந்து சேர்ந்தேன், விடியறதுக்குள்ள இங்க மண்ணை அள்ளிக்கிட்டு உள்ள போனேன்."

"கதை?"

"கதையும் வேணுமே. கோட்டைப் படை போறதுக்கு முன்னாடி அங்க ஆளே இல்லைன்னு சொல்லிட்டேன்."

சாத்தையனின் இரண்டு கையிலும் மணல் அப்படியே இருந்தது. பிறகு ஏதோ தோன்றியதுபோல் தலையைத் தூக்கினார். சுங்கச்சாவடியில் இருபது வருஷம் ஆட்களைக் கேள்வி கேட்டவர் அல்லவா?

"அடிவாரத்துல காய்ச்சல்ல விழுந்தீங்க. தனியாத்தானே போனீங்க?"

"ஆமா."

"பிறகு எப்படி எழுந்து வந்தீங்க?"

உமையாள் ஆற்றைப் பார்த்தார்.

"ரெண்டு பொம்பளைங்க தூக்கிக்கிட்டுப் போய் வெச்சுக்கிட்டாங்க. பதினேழு நாள் கஞ்சி ஊத்தினாங்க. அப்புறம் தூளி கட்டிச் சுமந்துக்கிட்டு வந்து பெரிய சாலையில விட்டாங்க."

"எந்த ஊருப் பொம்பளைங்க?"

"நீர்க்குன்றம்."

"ஐயோ!" சாத்தையன் எழுந்தே விட்டார். மணல் கையிலிருந்து கொட்டியது. "அப்ப அங்க ஆதிக்குடி இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்!"

"தெரியும்."

"அவங்க கையால சாப்பிட்டிருக்கீங்க!"

"சாப்பிட்டேன். பேரைக்கூடக் கேட்டுக்கலை."

"இப்படியும் ஒருத்தர் செய்வாங்களா? நீங்க ஒரு குருவா? ஒன்பது வருஷம் உங்க காலடியில கிடந்தேனே! அந்தக் கரியன் முகத்தைப் பார்த்து, உங்க தொப்புள்கொடி சரித்திரத்துல இல்லைன்னு நான் சொல்லிட்டு வந்திருக்கேனே! சபையில நாலு பேர் சிரிச்சாங்க குருவம்மா. நானும் சேர்ந்து சிரிச்சேன்!"

அவர் அழுதார். ஐம்பத்திரண்டு வயது மனுஷன், படித்துறையில் நின்று, மூக்கைத் துடைக்காமல் அழுதார். உமையாள் அவரைத் தேற்றவில்லை. தேற்றுகிற தகுதி தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அழுகை ஓய்ந்த பிறகு சாத்தையன் கேட்டார். "இருபத்திரண்டு வருஷம் எப்படிச் சும்மா இருந்தீங்க?"

"பொய்யால ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையேன்னு இருந்துட்டேன். மண்ணுதானேன்னு நினைச்சுக்கிட்டேன். எவனாவது ஒருத்தன் நத்தை ஓட்டைக் கையில எடுத்துக்கிட்டு வந்து கேட்டா அன்னைக்குச் சொல்லிடலாம்னும் நினைச்சேன். யாரும் கேக்கலை. கேக்காதது எனக்கு வசதியாப் போச்சு."

"பௌர்ணமிக்கு எட்டு நாள்தான் இருக்குது."

"கணக்குப் பார்த்துட்டேன். தலைநகருக்கு ரெண்டு நாள். அங்கேர்ந்து மலைக்குக் குதிரையில நாலு நாள். கிளம்புங்க."

"நான் எதுக்கு? நீங்க போய்ச் சொல்லுங்க."

"நான் சொன்னா குருவுக்குப் புத்தி கெட்டுப் போச்சும்பாங்க. சாட்சி சொன்னது நீங்க. நீங்க திருப்பி வாங்கினாத்தான் தீர்ப்பு மாறும்."

சாத்தையனுக்கு அந்தச் சட்டம் தெரியும். சொன்ன சாட்சியைத் திருப்பி வாங்குகிற எல்லைச் சாட்சி மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டும். ஆயுளுக்கும் அவர் வார்த்தை எந்தச் சபையிலும் ஏறாது. ஒன்பது வருஷம் படித்தார், இரண்டு நாள் மோதிரம் போட்டிருந்தார்.

மோதிரத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "செருப்பைப் போட்டுக்கிட்டு வர்றேன்" என்றார்.

இரண்டு நாளும் அவர் குருவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தடி முன்னால் நடந்தார். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் பாதியை ஒரு இலையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். உமையாள் அதை எடுத்துச் சாப்பிட்டார்.

சபை வாசலில் நீர்க்குன்றத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கரியன் நடுவில் இருந்தார். சாத்தையனைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாத்தையன் அவர் முன்னால் போய் நின்று கும்பிட்டார்.

"ஐயா, கொஞ்சம் உள்ள வாங்க."

"எதுக்கு? இன்னொரு தடவை சிரிக்கவா?"

"இல்லைங்கய்யா. நான் அழறதைப் பார்க்க வாங்க."

கரியன் ஒன்றும் புரியாமல் எழுந்து வந்தார்.

சபையில் அமைச்சர் இருந்தார். அதிகம் பேசாதவர், அவசரப்படாதவர் என்று பெயர் எடுத்தவர். சாத்தையன் மோதிரத்தைக் கழற்றி அவர் முன்னால் இருந்த பலகையில் வைத்தார்.

"நீர்க்குன்றத்துக்கு நான் சொன்ன சாட்சியைத் திருப்பி வாங்கிக்கிறேன். நான் சொன்னது பொய்."

சபை சலசலத்தது. "என்னய்யா சொல்றீர்?" என்றார் அமைச்சர். "ஓலையைப் பார்த்தோமே. வார்த்தைக்கு வார்த்தை சரியா இருந்துச்சே!"

"ஓலையே பொய்ங்க."

உமையாள் முன்னால் வந்தார். படித்துறையில் சொன்னதை அங்கேயும் சொன்னார். மண்ணை அள்ளியதைச் சொன்னார். கஞ்சி குடித்ததைச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அமைச்சருக்கு நம்ப முடியவில்லை.

"ஏம்மா, கதைதான் வேணும்னா ஏதாவது ஒண்ணைக் கட்டிச் சொல்லியிருக்கலாமே. ஆதியில ஆளே இல்லைன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"இருக்கிறவங்களைப் பத்தித் தப்பாச் சொன்னா என்னைக்காவது அவங்க வந்து மறுப்பாங்க. இல்லவே இல்லைன்னு சொல்லிட்டா யாரு வந்து மறுப்பாங்கன்னு நினைச்சேன்."



கரியன்தான் பேசினார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் கேட்டவர்களுக்குத் தாங்க முடியாமல் போயிற்று.

"நாங்க வந்து மறுத்தோமேம்மா. நாலு நாளைக்கு முன்னாடி. இதோ, இதே இடத்துல நின்னு."

அமைச்சர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்த நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். உமையாள் கரியன் பக்கம் திரும்பி, கை கூப்ப நினைத்து, கை எழாமல் நின்றார்.

"அந்த ரெண்டு பேரும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"யாருன்னு கேக்குறே? எங்க ஊர்ல காய்ச்சல்ல விழுந்த வழிப்போக்கனை யார் வேணும்னாலும் தூக்குவாங்க. யார் யாரைத் தூக்கினாங்கன்னு எழுதி வெக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை."



அமைச்சர் தீர்ப்பு ஓலையை வாங்கிக் குறுக்கே கிழித்தார். மலைக்கு இரண்டு குதிரைகளை ஓட்டச் சொன்னார், ஒன்று வழியில் நொண்டினாலும் மற்றொன்று போய்ச் சேரட்டும் என்று. சாத்தையனின் மோதிரத்தை எடுத்துப் பெட்டியில் போட்டார். பள்ளிக்கு அரசர் கொடுத்திருந்த முத்திரையைத் திருப்பிக் கேட்டார். உமையாள் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். அதைக் கொண்டுவர யாரும் சொல்லவில்லை. அவரே கொண்டுவந்திருந்தார்.

கரியன் வெளியே ஓடினார். வாசலில் அவருடைய ஆட்கள் போட்ட கூச்சல் உள்ளே வரை கேட்டது. யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே அழுதாள்.

சாத்தையன் குருவின் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு நாளில் அதுதான் முதல் தடவை.

அமைச்சர் எழுந்து உள்ளே போகப் போனவர், நாலு அடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நடந்து போனது பதினோரு பேரு. நீங்க போகலை. மத்த பத்துப் பேர் போனாங்களா இல்லையா, யாருக்குத் தெரியும்? எத்தனை எல்லையை அந்த ஓலையை வெச்சு நான் வெட்டிக் குடுத்திருக்கேன்! இந்தத் தேசத்துச் சரித்திரத்துல இனிமே நான் எதை நம்புறது?"

"நம்ப வேண்டாங்க. ஒவ்வொரு இடத்துக்கும் போய்க் கேளுங்க" என்றார் உமையாள். "பத்து இடத்துலயும் யாராவது இருப்பாங்க."